எருசலேம் போக முடியாதவர்கள் நடந்த பாதையா? தேவாலயத் தரையில் இருக்கும் 'லாபிரிந்த்' - ஒரு விளக்கம்

சமூக வலைதளங்களில் இப்படியொரு வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். பிரமாண்டமான ஒரு பழைய தேவாலயம். அதன் தரையில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு வடிவம். அதன் மேல் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மெதுவாக நடந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் நடுவில் போய் கண்மூடி நிற்பார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கீழே கேப்ஷன்: 'எருசலேமுக்குப் போக முடியாத கிறிஸ்தவர்கள், அதற்குப் பதிலாக நடந்த 800 வருட ஜெபப் பாதை.'

கமென்ட் பகுதிக்குப் போனால் சண்டை ஓடிக்கொண்டிருக்கும். 'எவ்வளவு அழகான பாரம்பரியம்' என்று ஒரு தரப்பு. 'பைபிளில் இது எங்கே இருக்கிறது? கிரேக்கப் புராணத்தில் வரும் சின்னத்துக்கு சர்ச்சில் என்ன வேலை?' என்று இன்னொரு தரப்பு.

அந்த வடிவத்தின் பெயர் லாபிரிந்த். 800 வருடப் பழைமை என்பது உண்மைதான். ஆனால் கேப்ஷனில் இருக்கும் மற்ற விஷயங்கள்? அங்கேதான் கதையே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லாபிரிந்த் என்றால் வழி தவறிப்போகும் இடமா?

ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வரும் சிறுவர் இணைப்பில் 'முயல் கேரட்டிடம் போக வழி காட்டுங்கள்' என்று ஒரு புதிர் இருக்குமே, நினைவிருக்கிறதா? பல வழிகள் பிரியும். பாதி வழிகள் முட்டுச்சந்தில் போய் நிற்கும். அதற்குப் பெயர் 'மேஸ்'. லக்னோ பாரா இமாம்பாராவில் சுற்றுலாப் பயணிகளைச் சுற்றவிடும் 'பூல் புலையா'வும் இந்த ரகம்தான்.

தேவாலயத் தரையில் இருக்கும் லாபிரிந்த் அப்படிப்பட்டதில்லை. அதில் ஒரே ஒரு பாதைதான். பிரிவு கிடையாது, முட்டுச்சந்து கிடையாது. வாசலில் நுழைந்து பாதை போகிற போக்கில் போய்க்கொண்டே இருந்தால் நடுவுக்கு வந்துவிடுவீர்கள். வந்த வழியே திரும்பினால் வாசல். சக்கரவியூகத்துக்குள் போகத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியவில்லை. இங்கே அந்தப் பயமே வேண்டாம். தமிழில் சிலர் இதைப் 'புதிர்ப்பாதை' என்று எழுதுகிறார்கள். ஆனால், இதில் விடுவிக்க வேண்டிய புதிர் எதுவும் இல்லை.

புதிர் இல்லையே தவிர, பாதை கொஞ்சம் குறும்புக்காரப் பாதைதான். நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே மையத்துக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்விடும். 'வந்தாச்சு' என்று நினைக்கும்போது வெளிப்பக்கம் தள்ளிவிடும். பல சுற்றுகள் முடிந்து, மையத்திலிருந்து ரொம்பத் தூரத்தில் கடைசி வளையத்தில் நடந்துகொண்டிருப்பீர்கள். அங்கிருந்து இன்னும் ஓரிரு திருப்பங்கள்தான், மையத்தில் நிற்பீர்கள். நெருங்கிவிட்டோம் என்று நினைக்கும்போது தூரத்திலும், தொலைந்துவிட்டோம் என்று நினைக்கும்போது பக்கத்திலும் இருப்போம். இதை வாழ்க்கையோடும் ஜெபத்தோடும் பொருத்திப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லோரும் பேசும் அந்த தேவாலயம் எது?

பிரான்ஸில், பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 90 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஷார்த்ர் நகரத்தின் பேராலயம். 1194-ல் ஏற்பட்ட தீ விபத்தில் பழைய கட்டடத்தின் பெரும்பகுதி அழிந்த பிறகு கட்டப்பட்டது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1979-லேயே இடம்பெற்றுவிட்டது.

மேற்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்து கொஞ்ச தூரம் நடந்தால், நடுக்கூடத் தரையில் இந்த லாபிரிந்த் இருக்கிறது. 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்டது. விட்டம் கிட்டத்தட்ட 13 மீட்டர். மொத்தம் 11 வளையங்கள். நடுவில் ஆறு இதழ் கொண்ட பூ போன்ற வடிவம். பாதையின் அகலம் ஓர் அடியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நீளமோ 260 மீட்டருக்கும் மேல். ஒரு பெரிய ஹால் அளவு இடத்துக்குள் கால் கிலோமீட்டர் நடையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் இன்னொரு விஷயமும் தெரியும். பாதை வளைந்து திரும்பும் இடங்கள் வரிசையாக அமைந்து, வட்டத்தின் நடுவே ஒரு சிலுவையைக் காட்டும்.

கிரேக்கச் சின்னம் சர்ச்சுக்குள் எப்படி வந்தது?

'இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய சின்னம்' என்பவர்கள் சொல்வதில் தவறில்லை. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த ஒரு களிமண் பலகையின் பின்பக்கத்தில் யாரோ இந்த வடிவத்தைக் கீறி வைத்திருக்கிறார்கள். அதன் வயது 3,200 ஆண்டுகள்.

புராணக் கதையும் பிரபலமானதுதான். கிரீட் தீவின் அரசன் மினோஸ், மனித உடலும் காளைத் தலையும் கொண்ட மினோட்டாரை அடைத்துவைக்க ஒரு லாபிரிந்த் கட்டச் சொல்கிறான். கட்டியவன் டெடலஸ் என்ற சிற்பி. தீசியஸ் என்ற வீரன் உள்ளே போய் மினோட்டாரைக் கொல்கிறான். இளவரசி அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான்.

இந்த வடிவத்தை ரோமானியர்கள் தங்கள் வீட்டுத் தரையில் மொசைக்காகப் பதித்தார்கள். அப்படியே தேவாலயத்துக்கும் வந்தது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய தேவாலய லாபிரிந்த், இன்றைய அல்ஜீரியாவின் செலிஃப் நகரில் கிடைத்தது. கி.பி. 324-ல் நிறுவப்பட்ட தேவாலயத்தின் தரையில் அது இருந்தது. அதன் நடுவில் மினோட்டார் இல்லை. அந்த இடத்தில், 'புனித திருச்சபை' என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் எழுத்துகளை எந்தப் பக்கத்திலிருந்தும் படிக்கும்படி கட்டங்களில் அடுக்கிவைத்திருந்தார்கள். பழைய சின்னம்தான். நடுவில் உட்கார வைத்த ஆள்தான் வேறு.

9-ம் நூற்றாண்டில் ஓட்ஃபிரிட் என்ற ஜெர்மானியத் துறவியின் நற்செய்தி நூல் பிரதியில் ஒரு லாபிரிந்த் ஓவியம் இருக்கிறது. பழைய கிரேக்க வடிவத்தில் வளையங்கள் ஏழுதான். இந்த ஓவியத்தில் அது 11 ஆகிவிடுகிறது. ஏன் 11? பத்துக் கட்டளைகளைத் தாண்டிய எண், பன்னிரண்டு திருத்தூதர்களை எட்டாத எண். அதனால் பாவம் நிறைந்த உலகத்தைக் குறிக்கிறது என்பது ஒரு விளக்கம்.

கதைக்கும் புது அர்த்தம் கிடைத்தது. தீசியஸ் இருக்கும் இடத்தில் கிறிஸ்து. மினோட்டார் இருக்கும் இடத்தில் சாத்தான். லாபிரிந்த் என்பது மரணம், நரகம். யாரும் திரும்பி வராத இடத்துக்குள் போய், பகையை வென்று, வெளியே வந்தவர் இயேசு. அதாவது, புனித வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் நடந்ததாகத் திருச்சபை நம்பும் கதை இந்தச் சின்னத்துக்குள் அப்படியே பொருந்திப்போனது.

இத்தாலியின் லுக்கா பேராலயத்துக்குப் போனால் இதை நேரிலேயே பார்க்கலாம். முகப்பு மண்டபத்தின் தூணில், விரலால் தடவிப் பார்க்கும் அளவில் ஒரு லாபிரிந்த் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் லத்தீன் வரிகளில் டெடலஸ், தீசியஸ், அரியாட்னி மூன்று பேருமே வருகிறார்கள். பல நூற்றாண்டுகளாக விரல்கள் தேய்த்துத் தேய்த்து அந்தக் கல் வழவழப்பாகிவிட்டது.

அப்போ எருசலேம் கதை?

கேட்கும்போது நம்பும்படியாகத்தான் இருக்கும். 1187-ல் சலாதீன் எருசலேமைக் கைப்பற்றினார். ஐரோப்பியர்களுக்குப் புனிதப் பயணம் கஷ்டமானது. அதற்குப் பதிலாகத் திருச்சபை தேவாலயத் தரையிலேயே ஒரு 'சின்ன எருசலேம்' அமைத்துக் கொடுத்தது. மக்கள் முழங்காலிட்டு அதைச் சுற்றி வந்தார்கள். லாபிரிந்துகள் பதிக்கப்பட்ட காலமும் அதேதான். கணக்கு சரியாக வருகிறதல்லவா?

ஒரே சிக்கல், இதைச் சொல்லும் இடைக்கால ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. லாபிரிந்த் வரலாற்றைப் பெரிய அளவில் தொகுத்து 1982-ல் நூலாக வெளியிட்ட ஜெர்மன் ஆய்வாளர் ஹெர்மன் கெர்ன் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். 'எருசலேம் பாதை' என்ற பெயரே 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகுதான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதாவது, ஷார்த்ர் லாபிரிந்த் பதிக்கப்பட்டு 500 வருடங்களுக்கும் மேல் ஆன பிறகு. 19-ம் நூற்றாண்டில் தேவாலயக் கட்டடக் கலையைப் பற்றி எழுதியவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல, கேட்டவர்கள் எல்லாம் வரலாறு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு விஷயத்தையும் யோசிக்கலாம். ஷார்த்ர் பேராலயமே ஒரு பெரிய புனிதத் தலம். அன்னை மரியாள் அணிந்ததாக நம்பப்படும் ஆடை அங்கேதான் இருக்கிறது. அதைத் தரிசிக்கத் தூரதேசங்களிலிருந்து நடந்து வந்தவர்கள், வந்த இடத்தில் இன்னோர் ஊருக்குப் போனதாக நினைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

எருசலேமை உள்ளூருக்கே கொண்டுவந்த பக்தி முயற்சி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது நம் ஊர் கத்தோலிக்கர்கள் எல்லோருக்கும் தெரிந்த 'சிலுவைப் பாதை'. பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பிய அந்தப் பக்தி முயற்சிக்கு 14 நிலைகள் என்று 1731-ல் திருத்தந்தை 12-ம் கிளமெண்ட் வரையறுத்தார். அதற்கு ஆவணமும் உண்டு, இன்றுவரை தொடர்ச்சியும் உண்டு. லாபிரிந்த் விஷயத்தில் இரண்டும் இல்லை.

அப்படின்னா அங்கே என்னதான் செய்தார்கள்?

இதற்கான பதில் யாரும் எதிர்பார்க்காதது: பந்து விளையாடினார்கள்!

பிரான்ஸின் ஓசேர் நகரப் பேராலயத்தில் நடந்தது இது. ஈஸ்டர் அன்று பிற்பகலில் குருக்கள் லாபிரிந்தைச் சுற்றி நிற்பார்கள். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த குரு ஒரு பெரிய பந்தைக் கொண்டுவந்து தர வேண்டும். தலைமைக் குரு அதை வாங்கிக்கொண்டு, பாட்டுக்கு ஏற்பக் காலடி வைத்து ஆடுவார். மற்றவர்கள் கைகோத்துச் சுற்றி வருவார்கள். அவர் பந்தை ஒவ்வொருவரிடமும் வீசுவார், அவர்கள் திருப்பி வீசுவார்கள். பாடியது 'விக்டிமே பாஸ்காலி லாவ்தெஸ்' என்ற உயிர்ப்புப் பெருவிழாப் பாடல். எல்லாம் முடிந்ததும் சேர்ந்து சாப்பாடு.

கட்டுக்கதை மாதிரி இருக்கிறதா? இதற்குத்தான் ஆவணம் இருக்கிறது. அந்தப் பந்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது பற்றி 1396-ல் முடிவெடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கடைசியில் 1538-ல் பாரிஸ் நீதிமன்றத்தின் உத்தரவோடு இந்த வழக்கம் நின்றுபோனது. இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க இசை வரலாற்றாசிரியர் கிரெய்க் ரைட். அவருடைய விளக்கம்: உதய சூரியனைப் போல எழும் பந்து, உயிர்த்தெழுந்த கிறிஸ்து. லாபிரிந்த், அவர் வென்று வந்த நரகம். குருக்கள் ஆடியது வெற்றி நடனம்.

ஆக, நமக்கு ஆவணத்தோடு தெரிந்த இடைக்கால வழிபாட்டில் மௌனமும் இல்லை, கண்ணீரும் இல்லை, முழங்கால் நடையும் இல்லை. பாட்டும் ஆட்டமும் சிரிப்பும்தான் இருந்திருக்கின்றன.

லாபிரிந்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கட்டியவர்களின் கையெழுத்து. டெடலஸ் கட்டடக் கலைஞர்களின் முன்னோடி அல்லவா? ரெய்ம்ஸ் பேராலய லாபிரிந்தின் நான்கு மூலைகளில் அந்தப் பேராலயத்தைக் கட்டிய நான்கு தலைமைச் சிற்பிகளின் உருவங்கள் இருந்தன. அமியேன் பேராலயத்தில் 1288-ல் பதித்த லாபிரிந்தின் நடுக்கல்லில், ஆயரோடு சேர்த்து மூன்று கட்டடக் கலைஞர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள்.

குழந்தைகள் சத்தம் போட்டதால் இடிக்கப்பட்டதா?

ஆமாம், ரெய்ம்ஸில் அதுதான் நடந்தது. காலப்போக்கில் லாபிரிந்தின் அர்த்தம் மறந்துபோனது. ஊர்க் குழந்தைகளுக்கு அது விளையாட்டுத் திடலாகிவிட்டது. பூசை நேரத்தில் சத்தம் தாங்க முடியவில்லை என்று 1779-ல் அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் குருக்களே ஆடிய வடிவத்தில் குழந்தைகள் ஆடியது, 18-ம் நூற்றாண்டில் இடைஞ்சலாகிப்போனது.

ஓசேர் லாபிரிந்தும் அழிந்தது. அமியேனில் 19-ம் நூற்றாண்டில் பெயர்த்து எடுத்தவர்கள், அதே நூற்றாண்டின் இறுதியில் மறுபடியும் பதித்தார்கள். ஷார்த்ர் லாபிரிந்த் தப்பித்தது. ஆனால், அதன் நடுவில் இருந்த உலோகத் தகடு மட்டும் பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792-ல், பீரங்கிக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. அதில் தீசியஸும் மினோட்டாரும் இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. ஆணிகள் இருந்த தடம் இன்றும் அங்கே தெரிகிறது.

ரெய்ம்ஸுக்கு மட்டும் ஒரு வேடிக்கையான மறுபிறவி. இன்று பிரான்ஸ் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்களின் வாசலில் வைக்கும் அரசு லோகோ எது தெரியுமா? இடித்துத் தள்ளிய அதே ரெய்ம்ஸ் லாபிரிந்தின் வடிவம்தான்.

வீடியோவில் பார்க்கும் ஜெப நடை எப்போது வந்தது?

1991-ல். ஆமாம், அவ்வளவு சமீபத்தில்தான்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் கிரேஸ் கதீட்ரல், எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தது. அங்கே குருவாக இருந்தவர் லாரன் ஆர்ட்ரெஸ் என்ற பெண். அவர் ஷார்த்ருக்குப் போனபோது லாபிரிந்தின் மேல் முழுக்க நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. அவரும் உடன் வந்தவர்களும் அவற்றை நகர்த்திவிட்டு நடந்தார்கள். ஊர் திரும்பியதும், அதே வடிவத்தைக் கித்தான் துணியில் வரைந்து கதீட்ரலில் விரித்தார்கள். பொதுமக்கள் வந்து நடக்கத் தொடங்கினார்கள்.

1995-ல் அவர் எழுதிய புத்தகம் இந்தப் பழக்கத்தை இன்னும் வேகமாகப் பரப்பியது. இன்று கிரேஸ் கதீட்ரலில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு லாபிரிந்துகள் நிரந்தரமாக இருக்கின்றன. இங்கிலாந்தின் நார்விச் பேராலயத்தில், ராணி இரண்டாம் எலிசபெத் ஆட்சியின் பொன்விழாவையொட்டி 2002-ல் முற்றத்துப் புல்வெளியில் ஒன்று அமைத்தார்கள். தேவாலயம், தியான இல்லம், மருத்துவமனை வளாகம் என்று பல நாடுகளில் இது பரவிவிட்டது. மே மாதத்தின் முதல் சனிக்கிழமை உலக லாபிரிந்த் தினமாகவும் கொண்டாடப்படுகிறது.

எப்படி நடக்க வேண்டும்?

கட்டாய விதி என்று எதுவும் இல்லை. பரவலாகச் சொல்லித்தரப்படுவது மூன்று கட்டங்கள்.

உள்ளே போகும்போது: விடுவது. மனதில் சுமந்துவந்த கவலை, கோபம், குற்ற உணர்வை ஒவ்வோர் அடியிலும் இறக்கிவைப்பது. சிலர் ஒரே ஒரு சின்ன ஜெபத்தைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடப்பார்கள்.

நடுவில்: பெறுவது. வேண்டிய நேரம் நிற்கலாம், உட்காரலாம். எதையும் கேட்காமல் சும்மா இருப்பதும் ஜெபம்தான் என்கிறார்கள்.

வெளியே வரும்போது: திரும்புவது. கிடைத்த அமைதியோடு வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பத் தயாராவது.

இந்த மூன்றும், தூய்மை அடைதல், ஒளி பெறுதல், இறைவனோடு ஒன்றாதல் என்று பழைய கிறிஸ்தவ ஆன்மிக நூல்கள் சொல்லும் மூன்று படிகளை அடியொற்றியவை. எதிரே ஒருவர் வந்தால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடியும் உங்கள் பாதையில் கால் வைத்துத் தொடர வேண்டியதுதான். நடக்க முடியாதவர்களுக்கு, மரப் பலகையில் செதுக்கிய கைக்கு அடக்கமான 'விரல் லாபிரிந்த்' இருக்கிறது. படுக்கையில் இருந்தபடியே விரலால் நடந்துவிடலாம்.

இது கிறிஸ்தவ ஜெபமா, இல்லையா?

எதிர்ப்பவர்களின் வாதம் இது: பைபிளில் லாபிரிந்த் இல்லை. சின்னம் வேற்று மதத்துடையது. இன்று எல்லா மதத்தவரும், மதமே இல்லாதவர்களும் இதில் நடக்கிறார்கள். இதில் கிறிஸ்துவுக்கு எங்கே இடம்? சில சுவிசேஷ சபைகள் இதைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான். ஆதரிப்பவர்களோ, 'இடைக்காலத்திலிருந்தே வரும் ஜெப முறை' என்று பதில் சொல்கிறார்கள்.

வரலாற்றைப் பார்த்தால், இரண்டு தரப்புக்குமே காலடியில் மண் சரிகிறது. வேற்று மதச் சின்னம் என்று ஒதுக்க முடியாது. கி.பி. 324-லிருந்தே அது தேவாலயத்தில் இருக்கிறது, அதற்குக் கிறிஸ்துவின் உயிர்ப்பையே அர்த்தமாகவும் கொடுத்திருக்கிறார்கள். அதே நேரம், மௌனமாக நடக்கும் இந்த ஜெப முறை 800 வருடப் பாரம்பரியம் என்றும் சொல்ல முடியாது. வடிவம் பழையது, வழக்கம் புதியது.

புதியது என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடுமா? நடக்கிறவர்தான் அதைச் சொல்ல வேண்டும். புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே ஒருவர், மகனை இழந்த ஒரு தாய், எந்த வார்த்தையில் ஜெபிப்பது என்றே தெரியாத ஒருவர் - இவர்களுக்கு வார்த்தை இல்லாமல் காலால் ஜெபிக்க ஓர் இடம் கிடைக்கிறது. அந்த ஆறுதலுக்கு எருசலேம் கதையின் துணை தேவையில்லை. கதை பொய் என்று தெரியவரும் நாளில், ஆறுதலும் பொய்யோ என்ற சந்தேகம் வரக் கூடாது. அதற்காகவாவது உண்மையைச் சொல்லிவைப்பது நல்லது.

ஒருவேளை நீங்கள் ஷார்த்ருக்குப் போவதாக இருந்தால் ஒரு டிப்ஸ். வழக்கமான நாள்களில் லாபிரிந்தின் மேல் நாற்காலிகள்தான் வரிசையாக இருக்கும். தவக்காலம் தொடங்கி இலையுதிர் காலம் வரை, வெள்ளிக்கிழமைகளில் அவற்றை நகர்த்திவைத்து மக்களை நடக்கவிடுவது அங்கே வழக்கம். கிளம்பும் முன் பேராலயத்தின் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது பக்கத்தில் ஏதாவது குழந்தை சிரித்துக்கொண்டே ஓடினால், முறைக்காதீர்கள். நமக்குத் தெரிந்த வரலாற்றின்படி, அங்கே நடப்பதைவிட ஆடுவதுதான் பழைய வழக்கம்.